நாலு வாய்

நாலாவது வாய் சோற்றோடு சக்கரவர்த்தி இலையை மடித்துவிட்டார்.

பக்கத்து இலைகளில் யாரும் இன்னும் சாம்பாரைத் தாண்டவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா சந்திரமோகன் வடைத் தட்டோடு அப்படியே நின்றார். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். நாலே வாயில் இலையை மடித்தால் என்ன அர்த்தம்?

"இன்னாங்க சம்பந்தி, அதுக்குள்ள? வடை, பாயசம்லாம் அப்படியே இருக்குது!"

"போதுங்க. வயித்துல எடமில்ல."

"தண்ணியாச்சும் குடிங்க."

"வேணாங்க." டம்ளரை இரண்டு விரலால் தள்ளி வைத்தார் சக்கரவர்த்தி.

அவர் மனைவி ரேணுகாம்பாள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அவர விட்ருங்க. எங்க போனாலும் இப்படித்தான்" என்றாள்.

சந்திரமோகனுக்குக் காது சூடாகிவிட்டது. பெரணமல்லூர் சக்கரவர்த்தி உட்கார்ந்தால் சமையல்காரர்களே அண்டாவை எட்டிப் பார்ப்பார்கள் என்றுதான் தரகர் சொல்லியிருந்தார். ஒரு கல்யாணத்தில் பதினெட்டு இட்லியை முடித்துவிட்டு, "டிபன் எப்போ?" என்று கேட்டாராம். அந்த வயிற்றை நம்பித்தான் இரண்டு படி அரிசி கூடுதலாக வடித்தது. பின்கட்டில் ஓடும் நாலு பவர்லூம்களையும் காலையிலிருந்தே நிறுத்தி வைத்தது.

வந்தவரோ இரவல் வாங்கியதுபோலத் தொளதொளவென்று ஒரு பட்டுச் சட்டையில் வந்து, நாலு வாயோடு ஜோலியை முடித்துவிட்டார்.

சந்திரமோகன் வடைத் தட்டை டொக்கென்று வைத்துவிட்டு சமையற்கட்டுக்குள் நுழைந்தார்.

அங்கே மகள் காவ்யா ஸ்டூலில் உட்கார்ந்து, குழந்தையாக இருந்தபோது அவளுக்குச் சோறூட்டிய அதே வெள்ளிக் கிண்ணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாலு ஸ்பூன் பருப்பு, இரண்டு துண்டு பன்னீர். மதியத்துக்கு அவ்வளவுதான். அதையும் மாவாகும்வரை மென்றாக வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சில் கல் மாதிரி நிற்கும். சாப்பாட்டோடு தண்ணீரும் குடிக்கக்கூடாது.

நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் சென்னையில் ஆபரேஷன் செய்து, இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள். இப்போது எழுபத்திரண்டு. கடைசியாக வந்த இரண்டு இடமும் விஷயத்தைக் கேட்டதும், "வயித்த வெட்டுன பொண்ணு புள்ள பெத்துக்குமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டன. அதனால் இந்தத் தடவை யாரும் மூச்சு விடக்கூடாது என்று வீட்டில் சத்தியம் வாங்கியிருந்தார் சந்திரமோகன்.

"எவனோ போட்டுக் குடுத்துட்டான்!" மனைவி பூங்காவனத்தின் காதருகே குனிந்து கிசுகிசுத்தார். "எல்லாம் தெரிஞ்சிகினுதான் வந்துகிறான் அந்த ஆளு. வயித்துல எடமில்லன்னு என்னாண்டயே ஜாடை பேசறான். நம்ம பொண்ணு வயித்துல ஆபரேஷன் பண்ணத குத்திக் காட்டறானாம்!"

"மெதுவாங்க..."

"மெதுவாத்தான் பேசிகினு இருக்கேன்! எங்க போனாலும் இப்படித்தானாம். இதுவரைக்கும் எத்தினி பொண்ணு ஊட்ல இலைய மடிச்சிட்டு வந்துகிறாங்களோ! தண்ணிகூட வேணாமாம். நம்ம ஊட்டு தண்ணி இன்னா விஷமா?"

காவ்யா ஸ்பூனைக் கீழே வைத்தாள். "நான்தான் மொதல்லயே சொல்லிட்லாம்னு சொன்னேனேப்பா."

"நீ சும்மா இரு! ஆபரேஷன் பண்ணா இன்னா தப்பு? குனிஞ்சி செருப்பு வார மாட்ட முடியலன்னு எம் பொண்ணு அழுதுச்சி. இப்ப கோட்டை மைதானத்த நாலு சுத்து ஓடுது. அது நாலு ஸ்பூன் துன்னா இவனுக்கு இன்னா, நாப்பது ஸ்பூன் துன்னா இவனுக்கு இன்னா? இரவல் சட்ட போட்டுகினு வந்தவனுக்கு இவ்ளோ திமிரா? போவச் சொல்லு!"

பூங்காவனம் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினாள்.

"அய்யோ, தறி ஓடலீங்க!"

சந்திரமோகனுக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷமாகத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. அவர் கிசுகிசுத்தால் தெருமுனை டீக்கடையில் பதில் சொல்வார்கள். இன்று நாலு தறியும் ஊமையாகக் கிடந்தன.

கூடத்துக்கு வந்தார். ஒருவர் கையும் வாய்க்குப் போகவில்லை. மாப்பிள்ளை பிரபாகரன் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். ரேணுகாம்பாள் தன் புருஷனை முறைத்துக்கொண்டிருந்தாள்.

சக்கரவர்த்தி எழுந்தார். முகம் கறுத்திருந்தது. தொளதொளத்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பொண்ண கூப்புடுங்க."

சந்திரமோகன் அவசரமாகக் கைகூப்பினார். "சம்பந்தி, நான் ஏதோ வாய் தவறி..."

"உங்கள கேக்கல. பொண்ண கூப்புடுங்க."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. காவ்யா கிண்ணத்தோடு சமையற்கட்டு வாசற்படியிலேயே நின்றிருந்தாள்.

"அப்பா சொன்னது நெஜந்தாங்க" என்றாள். "ரெண்டு வருஷமாச்சு. மறைச்சது எங்க தப்பு."

சக்கரவர்த்தி அவளருகே போனார். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். நாலில் ஒரு ஸ்பூன் பருப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

பிறகு தலை குனிந்து, நிஜமாகவே யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"உனக்காச்சும் ஒரு இட்லி முழுசா இறங்குதாம்மா?"