குணமானவர்கள் எழுந்து நிற்கவும்

“குணமானவங்க பேரைப் படிக்கிறேன். கூப்பிட்டதும் எழுந்து நில்லுங்க,” என்றார் அமைச்சர் சிபம்பா.

ஏரிக்கரை மைதானத்தில் கூட்டம் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தது. அவர் வாய் அப்படி. போன மாதம்தான், வறட்சியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று சத்தியம் செய்திருந்தார்.

காலராவுக்கு வேர்க்கஷாயம் கண்டுபிடித்தவரும் அவர்தான். பெரிய பச்சை பாட்டில். குடித்தால் மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது என்பது பத்தியம்.

“இதைக் குடிச்ச ஒருத்தர்கூட மறுபடி ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்லை!” என்று சற்று முன்பு முழங்கினார்.

அதற்கு ஏனோ யாரும் சிரிக்கவில்லை.

முதல் வரிசையில் நர்ஸ் வெசி கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். ஊர் மருத்துவமனைக்கு அவள் ஒருத்திதான் நர்ஸ்.

“லுசுங்கு முந்தாலி.”

யாரும் அசையவில்லை. கரையோரப் பரண்களில் காயும் மீனை ஈக்கள் மொய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அமைச்சர் மறுபடி படித்தார்.

பின்வரிசையில் ஒரு மீனவர் மெதுவாக எழுந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். கேமரா திரும்பியது.

“நெல்லி சிர்வா.”

ஒரு பெண் எழுந்தாள். கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த துணியை இடுப்பில் சுற்றியிருந்தாள். அதில் அச்சிட்டிருந்த அமைச்சரின் முகமும் அவளோடு எழுந்தது.

“யோனா ம்வாலே.”

இந்த முறை நான்கு பேர் சேர்ந்து எழுந்தார்கள்.

“அட, குடும்பமே குடிச்சீங்களா?” அமைச்சருக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

நால்வரும் அவரையே பார்த்தார்கள்.

அடுத்தடுத்த பெயர்களுக்கு இரண்டாவது முறை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கைதட்டல் தேய்ந்து தேய்ந்து நின்றது. எழுந்தவர்கள் எவரும் உட்காரவில்லை. பத்தாவது பெயருக்குள் மைதானத்தில் பாதிப்பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அமைச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பெயரைப் படித்தார்.

“தாவோங்கா கும்வெந்தா.”

வெசி எழுந்தாள்.

“நம்ம நர்ஸம்மாவே குடிச்சிருக்காங்க பாருங்க! அந்த மைக்கை அவங்ககிட்ட குடுப்பா. கேமராவைப் பாத்துச் சொல்லும்மா, இப்ப எப்படி இருக்கு?”

மைக் கைமாறி வந்தது.

அந்தப் பட்டியலை அவள் மூன்று முறை தலைநகருக்கு அனுப்பியிருந்தாள். பதில் வரவில்லை. இன்று காலை அமைச்சரின் உதவியாளர் கூட்டத்துக்கான ஃபைலை அவள் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனபோது, உள்ளே இருந்த தாளை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்தாள். தலைப்பை மட்டும் மாற்றி எழுதியிருந்தாள். அவர் வழக்கம்போல உளறி, ஊர் சிரித்து, அதற்குள் யாராவது ஒருவர் விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும் என்றுதான் நினைத்தாள்.

அந்தந்தப் பெயருக்கு அவரவர் வீட்டார் எழுந்து நிற்பார்கள் என்று அவள் நினைக்கவேயில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

“தாவோங்கா என் தங்கச்சி,” என்றாள் வெசி. “பதினோரு பேர்ல கடைசியாப் புதைச்சது அவளைத்தான். மண்ணு இன்னும் இறுகலைங்க.”