லாபம், ரெண்டு, மூணு

"நான் எண்ணாம வண்டி நகராதுங்க, வாத்தியாரய்யா" என்றான் டிரைவர் ஆஞ்சப்பன்.

ஐம்பத்துமூன்றாம் வருஷம். ஜவளகிரிக் காட்டோரத்தில் கோடை முகாம் முடிந்து, பள்ளிப் பிள்ளைகள் லாரியில் ஏறிவிட்டார்கள். வரும்போது கோவிந்தப்பன் வாத்தியாரே எண்ணி ஏற்றியிருந்தார். இருபத்துநாலு பேர்.

"சரி, சீக்கிரம் எண்ணு. யானை இறங்குற நேரம்" என்று காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ராகி அளக்கிறவர்களைப் போல ஆஞ்சப்பனும் ஒன்று என்பதற்கு 'லாபம்' என்றுதான் சொல்வான்.

"லாபம், ரெண்டு, மூணு..." கடைசிப் பிள்ளையின் தலையைத் தொட்டான். "இருபத்துநாலு. சரியா இருக்குதுங்க."

இப்படியொரு பொறுப்பான ஆள் கிடைத்தானே என்று வாத்தியார் முன்சீட்டில் நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்.

வழியில் தளி என்ற ஊரில் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது ஒரு சிறுமி ஓடிவந்தாள். "மங்கம்மா முன்னால உங்ககூட வரலையா சார்?"

வாத்தியார் பதறிப்போய் எண்ணினார். இருபத்துமூன்று. மறுபடியும் இருபத்துமூன்று.

"அடப்பாவி, நீ எண்ணினியே! லாபம்னு யாரைத் தொட்டே?"

ஆஞ்சப்பன் லாரியின் காலி மூலையைக் காட்டினான்.

"எம்மவ ராஜாத்தி உக்கார்ற எடமுங்க. ரெண்டு வருசம் முந்தி, எண்ணாம வண்டிய எடுத்து, அவள இதே காட்டுல உட்டுட்டு வந்துட்டேன். எலும்புதான் கெடச்சுது. இனியும் அவள உட்டுட்டு எப்படிங்க எண்ணுவேன்?"