பூவுக்குப் பின்னால் பிடித்த துண்டு

அன்று காலை திடலில் இருந்தவர்கள் ஐந்து பேர். பண்ணையாள் வைரக்கண்ணு. அவருடைய மருமகள், நிறைமாதக்காரி அம்சம். நாகூர்ப் படக்காரர் ஹபீப் முகம்மது. புதுச் செருப்பு கிறீச்சிட வந்த மேலப்பண்ணை மிராசுதார் ராஜகோபாலம். அவருடைய காரியக்காரர் ரெத்தினம்.

ஆறாவதாக ஒருவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் பிறகு பெருகிவிட்டார்கள்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்த நேரம். தோப்பாக இருந்தால் நிலம் தப்பும் என்று யாரோ சொல்லிவைக்க, மிராசுதார் கண்ட இடமெல்லாம் தென்னங்கன்று நட்டுக்கொண்டிருந்தார். வயல்களுக்கு நடுவே மேடாகக் கிடந்த அந்தத் திடலையும் அடுத்த மாதம் வெட்டித் துப்புரவாக்க ஏற்பாடு. அளவு பார்க்கத்தான் வந்திருந்தார்.

திடலில் ஒரு கொடி இருந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் கிடையாது. பண்ணையாட்கள் குடியிருந்த தெற்குத்தெருவில் பிள்ளை பிறந்தால் அதில் ஒரு முழம் அறுத்துத் தொட்டிலில் கட்டுவார்கள். தொட்டில்கொடி என்றுதான் பேர். வைரக்கண்ணு வீட்டில் அது கட்டாத தொட்டிலில் எந்தப் பிள்ளையும் கிடந்ததில்லை.

ஹபீப் முகம்மதுவுக்குப் பிழைப்பு கல்யாணப் படம். பித்து செடிகொடிப் படம். கோடியக்கரைக் காட்டிலிருந்து மலைநாடு வரை பஸ்ஸிலேயே அலைந்தவர். எடுத்ததையெல்லாம் மலைமேல் இருந்த ஒரு தாவரத் தோட்டத்துக்கு அனுப்புவார். இந்தக் கொடியின் இலையை அனுப்பியபோது அவர்களுக்குச் சந்தேகம். பூவோடு படம் வந்தால் நம்புவார்கள். நம்பினால், திடலை வெட்டக்கூடாது என்று கலெக்டருக்கு எழுதுவார்கள்.

பூப்பது வருஷத்தில் ஒரு காலைதான். ஆற்றில் தண்ணீர் வந்து பத்துப் பதினைந்து நாளில் மலரும். வெயில் ஏறினால் சுருங்கிவிடும். படக்காரர் இரண்டு முறை வந்து ஏமாந்து திரும்பியிருந்தார். மூன்றாம் முறை ஆளனுப்பிக் கூப்பிட்டவர் வைரக்கண்ணு. இந்த முறை நிச்சயம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

பூ இருந்தது. அரிசி மணி அளவு. அரிசியின் நிறம்.

அந்த நிறம்தான் தொல்லை. பின்னால் நாற்றங்காலுக்குக் கட்டிய தண்ணீர் வெள்ளையாகப் பளபளத்தது. வெள்ளையில் வெள்ளை படத்தில் விழாது. அதற்கென்று கொண்டுவந்த கறுப்புத் துணியைப் படக்காரர் திருத்துறைப்பூண்டி பஸ்ஸிலேயே விட்டுவிட்டார்.

அம்சம் கட்டியிருந்தது வெளிர்மஞ்சள். மிராசுதார் தோளிலும் காரியக்காரர் தோளிலும் வெள்ளை.

வைரக்கண்ணுவின் தோளில் சிவப்பு.

கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு இருட்டாக விழும் என்றார் ஹபீப் முகம்மது. சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார். அந்தத் துண்டின் சங்கதி அவருக்கும் தெரியும்.

வைரக்கண்ணுவின் அப்பா மேலப்பண்ணை வாசலில் ஆயுள் முழுக்கத் துண்டை இடுப்பில் கட்டி நின்றவர். செருப்பு என்று ஒன்று கிடைத்த காலத்தில் அதைக் கையில் பிடித்து நின்றவர். செங்கொடிச் சங்கம் வந்ததும் துண்டைத் தோளுக்கு ஏற்றினார் மகன். அதற்காக மாட்டுக்கொட்டகைத் தூணில் கட்டிவைத்து அடித்தார்கள். அந்த வீட்டார் கண்ணெதிரில் இனி இது தோளைவிட்டு இறங்காது என்றார் அவர். பதினெட்டு வருஷத்தில் துண்டுகள் கிழிந்து மாறின. சொல் மாறவில்லை.

மிராசுதார் இப்போதெல்லாம் அவரை 'டா' போட்டுப் பேசுவதில்லை. மரியாதை போட்டும் பேசுவதில்லை.

"எங்கப்பா சொல்லி எறங்காத துண்டாச்சே. பூ சொன்னா எறங்குமா?"

ரெத்தினம் சிரித்தார். அம்சம் மாமனாரின் அருகில் வந்து, வேண்டாம் மாமா, என் பிள்ளை கொடி இல்லாமலே கிடந்துவிட்டுப் போகட்டும் என்று முணுமுணுத்தாள்.

அவர் அவள் வயிற்றைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். இதழோரம் சுருங்கத் தொடங்கியிருந்தது.

துண்டை எடுத்தார்.

பூ முழங்கால் உயரத்தில் இருந்தது. நின்றுகொண்டு பிடிக்க முடியாது. அதற்குப் பின்னால் போய் மண்டியிட்டு, இரண்டு கையாலும் துண்டை விரித்து, காற்றில் அசையாதபடி இழுத்துப் பிடித்தார். வெற்றுத் தோள். முதுகுத் தழும்பு வயல் பக்கம், முகம் மிராசுதார் பக்கம். முகத்தை அவர் தாழ்த்தவில்லை.

ஹபீப் முகம்மது கேமராவில் கண்ணை வைத்தார். பிறகு கண்ணை எடுத்துவிட்டு, பூவைக் கையால் காட்டினார்.

பூவின் மேல் நிழல் கிடந்தது.

கிழக்கே, இளவெயிலை மறித்துக்கொண்டு வரப்பில் நின்றார் மிராசுதார். ஒற்றை வரப்பு. பின்வாங்கிப் போனாலும் நிழல் விடாது. வரப்புக்கு இரண்டு பக்கமும் முந்தின நாள்தான் உழவடித்த சேறு.

"நெழல் விழுதுங்க," என்றார் வைரக்கண்ணு, மண்டியிட்டபடியே. "எறங்கி நில்லுங்க."

அதட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. நடவு நாளில், யார் எந்தப் பக்கம் இறங்குவது என்று நாற்பது வருஷமாக அந்த வயலில் சொல்லிவந்த குரல். கேட்டதும் கால் தானாக இறங்கிவிடும். யோசனை அதற்குப் பிறகுதான் வரும்.

நிழல் விலகியது. கேமரா மூன்று முறை சத்தமிட்டது.

வைரக்கண்ணு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

படம் போயிற்று. கடிதம் வந்தது. திடல் தப்பியது. அம்சத்துக்குப் பெண் பிறந்தது, தொட்டிலில் கொடி கட்டினார்கள். மலைமேல் அந்தத் தோட்டத்துச் சுவரில் பூவின் படம் தொங்குகிறது. பின்னால் இருப்பது கறுப்புத் துணி என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

ஊரில் பேசிக்கொண்டது வேறு. வைரக்கண்ணு மிராசுதாருக்கு எதிரே துண்டை எடுத்து, மண்டியிட்டு, அப்பனைப் போலவே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திடலைக் கெஞ்சி வாங்கினார் என்று.

துண்டை எடுத்தது உண்மை. மண்டியிட்டதும் உண்மை. ஆனால் அவருடைய இரண்டு கையிலும் துண்டுதான் இருந்தது.

முழங்கால் சேற்றில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் மிராசுதார்.