மணமாகாதவன் மனைவி

"கல்யாணமே ஆகாதவனுக்கு மூணு பிள்ளையா?" என்று கத்தினான் மஜோக். ஜூபா வரி அலுவலகத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குமாஸ்தா பித்தியா அசரவில்லை. "கத்தாதீங்கண்ணே. கடல் தாண்டிப் போறவங்க முதல்ல மறக்கிறதே பொண்டாட்டியைத்தான். நான் பார்க்காததா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. மஜோக்குக்கு அழுகை வராத குறை.

எட்டு வருஷம் கழித்து இத்தாலியிலிருந்து திரும்பி இரண்டு மாதம்தான் ஆகிறது. தண்ணீர் கம்பெனியில் வேலை கிடைத்தது, கூட வேலை பார்க்கும் அமேரின் மனசும் கிடைத்தது. பெண் கேட்டுப் போகலாம் என்றிருந்த நேரத்தில்தான் சம்பளத்துக்கு வரி பிடிக்க அவன் பெயரைத் தேடினார்கள். 'மணமானவர், பிள்ளைகள் மூன்று' என்று வந்து நின்றது.

தேடிய கம்பெனிக் கணக்கன் அமேரின் அண்ணன். விடுவானா? வீட்டில் போய் உடைத்துவிட்டான்.

"ஏற்கெனவே ஒருத்தி இருந்தா இருந்துட்டுப் போறா, நம்ம ஊர்ல இல்லாததா? எங்கிட்ட மறைச்சீங்களே, அதைத்தான் தாங்க முடியல" என்று அமேர் அழுதாள். பதிவை மாற்றிக்கொண்டு வந்தால்தான் அவன் முகத்தில் விழிப்பேன் என்று சொல்லிவிட்டாள்.

"எங்க டிங்கா ஜனத்துல மாடு கொடுக்காம பொண்ணு வராது தம்பி. கன்னுக்குட்டிக்கே வழியில்லாம ஊரை விட்டு ஓடினவன் நான்" என்று பித்தியாவிடம் கெஞ்சினான் மஜோக்.

"நான் பாரி இனத்துக்காரன். உங்க மாட்டு விவகாரமெல்லாம் எனக்கெதுக்கு? உங்க அண்ணன்தான் உங்க பொண்டாட்டின்னு ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்து மாவு மில்லை உங்க பேர்ல பதிஞ்சார். ஆளு ஊர்ல இல்லன்னு அவரே கையெழுத்துப் போட்டார்."

அண்ணன் என்றதும் மஜோக்குக்கு அந்தப் போன் ஞாபகம் வந்தது. ஜூபாவில் இறங்கிய அன்றே அண்ணனுக்குத்தான் போன் செய்தான். "நான்தான்ணே, மஜோக்" என்றதும் மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அதற்கப்புறம் எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை. சொல்லாமல் ஓடிப்போன கோபம் ஆறவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டான். ஊருக்கே போய்க் காலில் விழலாம் என்றால் பாதையெல்லாம் வெள்ளம்.

"நம்பிக்கை இல்லன்னா ஆளையே கூப்பிடறேன். மில்லு எதிர்த்தாப்பலதான்" என்று பித்தியா போனை எடுத்தான்.

"கூப்பிடு. அவ என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லட்டும்."

கொஞ்ச நேரத்தில் கையெல்லாம் மாவுடன் ஒரு பெண் வந்தாள். அலுவேல் என்று பித்தியா பெயர் சொன்னான். பின்னால் மூன்று பிள்ளைகள். மஜோக்கைப் பார்த்தவள் வாசலிலேயே பேயறைந்தாற்போல் நின்றுவிட்டாள்.

அவளை அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை. ஆனால் பிள்ளைகளைப் பார்த்ததும் அவன் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவன் அப்பாவின் இடைவெளி விட்ட முன்பற்கள், அவனுடைய அதே விரிந்த காதுகள். மூத்தவனுக்கு ஆறு வயது இருக்கலாம்.

முதல் தடவையாக மஜோக்குக்குத் தன் மீதே பயம் வந்தது. லிபியாவிலிருந்து கிளம்பிய படகு கவிழ்ந்தது, யாரோ மீனவர்கள் அவனைத் தூக்கிப் போட்டது, அப்புறம் சிறையும் மூளைக் காய்ச்சலும். அதில் எத்தனையோ நாட்கள் அவன் நினைவிலேயே இல்லை. வெறுங்கையோடு என்னத்தைப் பேசுவது என்று வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

தண்ணீரில் தத்தளித்தபோது சாவைவிட அவனை அதிகம் பயமுறுத்தியது, பெயர் சொல்லப் பிள்ளையில்லாமல் போகிறோமே என்பதுதான். கல்யாணமாகாமலே போரில் செத்த சித்தப்பாவின் பிள்ளைகளோடு மாடு மேய்த்து வளர்ந்தவன் அவன். பெயர் அழிவது எப்பேர்ப்பட்ட சாபம் என்று அவனுக்குத் தெரியும். அந்த ஏக்கத்தில் எங்கேயோ ஒருத்தியைக் கட்டிப் பிள்ளையும் பெற்று, காய்ச்சலில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டானா?

அலுவேல் கிட்டே வராமலே கேட்டாள். "உங்கம்மா பேரென்ன?"

"அஜாங்."

"நீங்க பாட்டுக் கட்டிப் பாடின காளை?"

"வெள்ளைக் காளை. இடது கொம்பு வளைஞ்சிருக்கும். உனக்கெப்படித் தெரியும்?"

 கடைக்குட்டிப் பெண் மெல்ல முன்னால் வந்து மஜோக்கின் விரலைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, கை சூடா இருக்கும்மா!"

அலுவேல் பாய்ந்து வந்து குழந்தையை இழுத்துக்கொண்டாள். 

மஜோக் உடைந்துபோனான். அமேரின் முகம் கண்முன் வந்து போயிற்று. "தாயே, காய்ச்சல்ல எனக்குப் பாதி ஞாபகம் போயிடுச்சு. உன்னைக் கட்டிட்டு ஏமாத்திட்டு ஓடிட்டேனா? எதுவா இருந்தாலும் சொல்லிடு."

"நீங்க யாரையும் ஏமாத்தல. உங்க பேரைச் சொல்லித்தான் என்னைக் கட்டினாங்க. உங்க பேர் அழியக்கூடாதுன்னு உங்கண்ணன் முப்பது மாடு கொடுத்து, புருஷனா உங்க இடத்துல நின்னார். இதுங்க மூணும் உங்க பிள்ளைங்கதான், ஊர் முழுக்கச் சொல்லும்."

"எப்போ? நமக்கு எப்போ கல்யாணம் ஆச்சு?"

பித்தியாகூட நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். அலுவேல் பிள்ளைகளை அணைத்தபடி ஓரடி பின்னால் போனாள்.

"படகு கவிழ்ந்து நீங்க செத்ததுக்கு அப்புறம்தான்."