பாதம் பார்க்கும் அறை

சர்க்கரை ஆஸ்பத்திரியில் இது நான்காவது அறை. டாக்டர் ஊசிக்கு மாறச் சொன்னதும், சாப்பாட்டு ஆலோசனைக்காரர் சோற்றை அளந்து காட்டியதும் லேத்துக்காரர் அங்கப்பனுக்குள் கலங்கிக் கிடக்கின்றன. கண் அறையில் விட்ட சொட்டு மருந்தில் ஜன்னல் வெளிச்சம் வேறு கூசுகிறது. எல்லாருக்கும் தலையாட்டியவர், இங்கே, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் நூலால் தொட்டுப் பார்க்க, கண்ணை மூடிக் காலை நீட்டியிருக்கிறார். “நூல் படறது தெரியுதுங்களா?” என்கிறாள் நர்ஸ். தெரியவில்லை என்று சொன்னால் இந்த நர்ஸ் பிள்ளையின் மனசு நோகும். “தெரியுதுங்க அம்மணி.” “நான் இன்னும் தொடவே இல்லீங்களே.” கண்ணைத் திறக்கலாமா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. தட்டில் ஏதோ டிங்கென்று விழுகிறது. திறந்தால், மங்கலாக, அவர் லேத்தில் அன்றாடம் சீவும் இரும்புச் சுருள், ரத்தத்தோடு. நர்ஸ் இடுக்கியும் கையுமாக அவர் பாதத்தடியில் குனிந்திருக்கிறாள். “ஏனுங்கம்மணி, இது ஆரு காலுல இருந்துச்சுங்க?”