இன்டர்வியூவுக்கு வந்த வேன்

"குடும்பத்தாரை அழைச்சிட்டு வரலாம்னுதான் சொல்லியிருந்தோம். நீங்க ஊரையே கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கே?" என்றார் தேர்வுக் குழுத் தலைவர் கிரேம்.

எரிமலைக் கண்காணிப்பு மையத்தின் அந்தச் சின்ன அறையில் நிற்கக்கூட இடமில்லை. ரூவாட்டோரியா என்ற தொலைதூர ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திறங்கிய மாமா, சித்தி, அத்தைகள். ஒவ்வொருவர் மடியிலும் உருளைக்கிழங்கு ரொட்டி.

மெரியானாவுக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. படித்து முடித்தபின் அவள் ஆசைப்பட்ட ஒரே வேலை இது. அம்மாவை மட்டும்தான் வரச் சொன்னாள்.

குழுவில் இருந்த மூவரில் கஹுரங்கி மட்டும் அவர்களைப் போல மாவோரிப் பூர்வகுடி. மூத்த பெண் விஞ்ஞானி. கூட்டத்தைப் பார்த்ததுமே அவர் முகம் இறுகிவிட்டது.

"நம்ம இனத்துப் பொண்ணே நம்மளை முறைக்கிறா பாரு," என்று சித்தி கிசுகிசுத்தது அறை முழுக்கக் கேட்டது.

முதல் கேள்வி, மலைச்சரிவில் அதிர்வுமானி பொருத்துவது பற்றி. மெரியானா எழுந்து போய், பலகையில் படம் போட்டு, கடகடவென்று விளக்கி முடித்தாள்.

அங்கேதான் வந்தது வினை. சபையில் ஒருவர் எழுந்து பேசி முடித்தால் அவருடைய மனிதர்கள் எழுந்து பாட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அத்தைகள் தம்மையறியாமல் எழுந்து, முழுப் பாட்டையும் பாடிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

கிரேம் கைதட்டலாமா என்று யோசித்துப் பாதியில் விட்டார்.

"அடுத்த கேள்விக்கு உட்கார்ந்தே பதில் சொல்லும்மா," என்றார் கஹுரங்கி வறண்ட குரலில்.

கிரேம் கேட்டார். "மத்தவங்களை விட்டுட்டு உங்களை ஏன் எடுக்கணும்?"

மெரியானா தலையைக் குனிந்துகொண்டாள். தன் பெருமையைத் தானே பேசுவது அவர்களிடையே வெட்கக்கேடு.

"அப்படி ஒண்ணும் பெருசா இல்லீங்க..."

வேலை கைநழுவுவது அவளுக்கே தெரிந்தது.

ராவிரி மாமா எழுந்தார். "அவ சொல்ல மாட்டா. நான் சொல்றேன்."

"ஐயோ மாமா, உட்காருங்க!"

"நீ சும்மா இரு. ஐயா, இவ பழைய செல்போனுங்களை வேலிக் கம்பியில கட்டி ஆத்தோரமா ஒரு கருவி வெச்சா. பைத்தியம்னு சிரிச்சோம். போன மழையில வெள்ளம் வந்தப்ப ஊரே தூங்குது, அது ஒண்ணுதான் அலறிச்சு. இங்க உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் அன்னைக்கு மேட்டுக்கு ஓடிப் பிழைச்சவங்க." மூச்சு வாங்கினார். "ஆனா வீட்டுல ஒரு பாத்திரம் கழுவ மாட்டா. அதையும் சொல்லிடணும்ல?"

மாமா பேசி முடித்துவிட்டாரே! மறுபடி பாட்டு.

கஹுரங்கி பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போச்சு," என்றாள் சித்தி.

வெளியே வந்ததும் மெரியானா வெடித்தாள். "மானத்தை வாங்கிட்டீங்க! என்னைத் தனியா விட்டிருந்தா எப்படியாவது சமாளிச்சிருப்பேன்."

"எங்க சமாளிச்சே? குனிஞ்ச தலை நிமிரலையே!" என்றார் மாமா.

அப்போது கஹுரங்கி வேகமாக வருவது தெரிந்தது.

"மூணு பேரும் ஒத்துக்கிட்டோம். வேலை உனக்குத்தான்."

அத்தைகள் பாட வாயைத் திறந்தார்கள்.

"இருங்க! நான் இன்னும் முடிக்கல," என்றார் அதே கடுகடுப்போடு. பிறகு அலுவலகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, மாமாவின் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார்.

"பதவி உயர்வு இன்டர்வியூவுக்கு வருஷா வருஷம் தனியாத்தான் போறேன். 'உங்களுக்கு ஏன் தரணும்'னு கேட்டதும் வாய் அடைச்சுப் போகுது. அடுத்த மாசம் மறுபடியும் இருக்கு. அண்ணே... எனக்காகவும் ஒரு தடவை வந்து பேசுவீங்களா?"