மூன்றாவது ஓலைக்கு முன்

"பல்லப் புடுங்குறதுக்கு முன்னாடி கேக்குறேன். பெரிய வைத்தியம் ஏதாவது பார்த்திருக்கீங்களாம்மா?"

பல் டாக்டர் தேவசேனாவின் கையில் மரத்துப்போக வைக்கும் ஊசி தயாராக இருந்தது. ரெஜினா ஓரக்கண்ணால் பார்த்தாள்.

பக்கத்தில் தெரசம்மாள் நின்றாள். ரெஜினாவின் மகள் ஆக்ஸிலியாவுக்கு மாமியாராகப் போகிறவள். சம்பந்தி பல்வலியில் துடிக்கிறாளே என்று தானே டாக்ஸி பிடித்துக் கூட்டி வந்தவள். கழுத்தில் மப்ளர், கையில் தண்ணீர் பாட்டில்.

ரெஜினாவின் கழுத்திலும் மப்ளர்தான். கொடைக்கானலில் மப்ளரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? கதிர்வீச்சுக் கரண்டு வைத்துக் கருகிய தோலை அது ஐந்து வருஷமாக மறைத்துவந்தது.

வாயில் புற்றுநோய் என்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது. அதனால் மதுரையில் வைத்தியம் பார்த்த நாட்களை வேளாங்கண்ணி நேர்ச்சை என்று ஊரையே நம்பவைத்த கெட்டிக்காரி அவள்.

கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் கேட்டபோதெல்லாம் ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் ஒரு ஓலைதான் பாக்கி.

ஆனால் மதுரை டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கரண்டு வைத்த தாடையில் யோசிக்காமல் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது, எலும்பே செத்துப்போகும்.

பேரப்பிள்ளையைக் கொஞ்ச ஒரு தாடை வேண்டாமா?

ரெஜினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். காய்கறி மண்டியில் விலை பேசும் அதே குரலில் சொன்னாள்.

"புடுங்காதீங்க டாக்டர். எனக்குக் கேன்சர் வந்து, மதுரையில தாடைக்குக் கரண்டு வச்சிருக்கு. சம்பந்தியம்மா, நீங்களும் கேட்டுக்கங்க. இனி உங்க இஷ்டம்."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். மதுரை டாக்டரிடம் பேசாமல் இந்தப் பல்லைத் தொடமாட்டேன் என்றார்.

பெண்ணின் கல்யாணத்தைத் தானே கெடுத்துவிட்டோமோ என்று ரெஜினா சம்பந்தியின் முகத்தைப் பார்த்தாள். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது.

தெரசம்மாள் தன் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"குடிங்க. கரண்டு வச்ச வாயில எச்சி ஊறாது. நிச்சயத்தன்னைக்கு வாய்க்கு வாய் தண்ணி குடிச்சீங்கள்ல, அப்பவே தெரியும். இன்னைக்கு நீங்க சொல்லலைன்னா நான் சொல்லணும்னுதான் கூடவே வந்தேன்."

சொல்லிக்கொண்டே மப்ளரை அவிழ்த்தாள். அவள் கழுத்தும் கருகித்தான் இருந்தது.

"நானும் அதே வேளாங்கண்ணிக்குப் போனவதான்."